மேல்தாடை விரிக்கும் அறையிலிருந்து

கேக்கில் 'இனிய ஓய்வு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. கேக்கை வெட்டும்போது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எழுதியதில் பிழை இல்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் உள்ள ஒரு வாய், தாடைச் சத்திர சிகிச்சை நிலையத்தில் உதவியாளனாக நான் பார்த்த வேலை அன்றோடு முடிந்தது. அங்கே நாங்கள் தினமும் குழைக்கிற பசைகளும் பிசின்களும் என் கைத்தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டன. கையுறைக்கு மேல் கையுறை போட்டுப் பார்த்தேன். விரல் நுனிகள் வெடிப்பது நிற்கவில்லை. இனி அந்தப் பொருட்களைத் தொடவே கூடாது என்று தோல் வைத்தியர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கொலிஜில் படிப்பிக்கப் போகிறேன். ஆனால் அந்த அறை எனக்கு இனி இல்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். இப்போது மேல்வாய் அண்ணத்தில் பூட்டும் கருவியைக் கணினியில் வரைந்து, நோயாளியின் வாய்க்கு அளவெடுத்த மாதிரி அச்சிட்டே எடுத்துவிடுகிறார்கள். எந்த எலும்பை எந்த இடத்தில் வெட்டுவது என்பதையும் திரையிலே முன்கூட்டிச் செய்து பார்க்கிறார்கள். "அண்ணை, நீங்கள் எல்லாத்தையும் கையாலதானே செய்தனீங்கள், அதை எழுதுங்கோ" என்றாள் ஒருத்தி, நான் ஏதோ கற்காலத்து மனிதன் என்பதைப் போல. சரி, எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தவுடனே எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு வருகிறது என்பதை ஒளிக்கவில்லை.

நித்திரையில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் வருத்தம் இப்போது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டுக்கு ஒரு மாமாவாவது முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் காற்று மெஷினை வைத்துக்கொண்டு படுக்கிறார். பலருக்கு அதுவே போதும். ஆனால் சிலருக்கு மேல்தாடை பிறவியிலேயே ஒடுக்கம். வாயின் கூரையான அண்ணம் ஒடுங்கி உயர்ந்துபோயிருக்கும். நாக்குக்கு இருக்க இடமில்லாமல் அது பின்னுக்குச் சரிந்து மூச்சுக்குழாயை மறிக்கும். இன்னொன்றும் உண்டு. அண்ணத்தின் மறுபக்கம்தான் மூக்கின் தரை. கீழ்வீட்டுக் கூரை ஒடுங்கினால் மேல்வீட்டு அறையும் ஒடுங்கும் அல்லவா? அண்ணத்தை விரித்தால் நாக்குக்கும் இடம், மூக்குக்கும் இடம். சிறுபிள்ளைகளுக்கு நடு அண்ணத்துப் பொருத்து இறுகியிருக்காது, ஒரு கருவியைப் பூட்டி மெல்ல மெல்லத் திருகினால் போதும். வளர்ந்தவர்களுக்கு அது கல்லாய் இறுகியிருக்கும். முதலில் எலும்பை வெட்டி இளக்க வேண்டும், பிறகுதான் விரிக்கலாம். அதுதான் எங்கள் வேலை.

நான் அந்த அறைக்கு வந்து சேர்ந்த கதை நீளமானதல்ல. என் பெற்றோர் மட்டக்களப்புப் பக்கம். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லர். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் ஒரு அபார்ட்மென்டில் வளர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கொலிஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பல் உதவியாளர் படிப்பு என்று சொன்னபோது, உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்த அப்பா யோசித்துவிட்டு, "பல்லுப் புடுங்கப் படிக்கிறதுக்கும் புத்தகம் இருக்கா மனே?" என்று கேட்டார். இருந்தது, நிறையவே இருந்தது. எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். படித்தது போதாது என்று அந்த அறைக்குள் போன முதல் வாரமே தெரிந்தது.

அறைக்கு அதிபதி டொக்டர் நஸ்ரின். ஈரானில் பிறந்தவர். குள்ளமான உருவம், மேசைக்கு எட்டாது என்று ஒரு சின்னப் படியில் ஏறி நிற்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், அதுதான் பயம். அவருக்கு 'செய்துவிட்டேன்' என்ற சொல் பிடிக்காது. கருவிகளை எண்ணிவிட்டேன் என்றால் "காட்டு" என்பார். நூல் இறுகிவிட்டது என்றால் "காட்டு" என்பார். நோயாளிகளிடமும் அப்படித்தான். மூக்கால் மூச்சு வருகிறது என்று யாராவது சொன்னால், பல் பார்க்கும் தட்டையான சின்னக் கண்ணாடித் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்து மூக்கின் கீழ் பிடிப்பார். மூச்சுப் பட்டதும் கண்ணாடியில் இரண்டு பனிப்புள்ளிகள் படியும். ஒடுங்கிய மூக்கென்றால் ஒரு பக்கம் மிளகளவு, மறுபக்கம் ஒன்றுமே இருக்காது. ஸ்கேன் படம் எத்தனை இருந்தாலும் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் அவர் கத்தியை எடுக்கமாட்டார்.

முதன்முதல் அவர் என் கையில் சுத்தியலைத் தந்த நாளைச் சொல்ல வேண்டும். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். மேலுதட்டை உயர்த்திப் பிடித்து, உட்புறத்தில் பல் ஈறான முரசுக்கு மேலே கீறி, கன்னப் பக்கத்து மேல்தாடை எலும்பு இரண்டு பக்கமும் மெல்லிய ஈர்வாளால் வெட்டப்பட்டாயிற்று. மிச்சம் இருப்பது நடுப் பொருத்து. முன்பற்கள் இரண்டின் வேர்களுக்கு நடுவே, மெலிந்த உளியைச் செங்குத்தாகப் பிடிக்கிறார். இடக்கைச் சுட்டுவிரலை அண்ணத்தில் வைத்திருக்கிறார், உளி எங்கே போகிறது என்று விரலால் பார்க்கிறதுக்கு. இரண்டு வேர்களுக்கும் நடுவில் இருக்கிற இடம் ஒரு நகத்தின் தடிப்புத்தான். "தட்டு" என்றார். தட்டினேன். "நீ கதவு தட்டுகிறாய், எனக்கு ஆணி அறைய வேண்டும்" என்றார் தணிந்த குரலில். மறுபடி தட்டினேன். டொக், டொக் என்று கட்டையான சத்தம். பிறகு ஒரு தட்டில் சத்தம் மாறியது. அதை எப்படிச் சொல்வது? தண்ணீர்ப் போத்தல் நிரம்பி வரும்போது சத்தம் உயருமே, அந்த மாதிரி ஒரு உயர்ச்சி. "நிறுத்து" என்று அவர் சொல்ல முன்னமே என் கை நின்றுவிட்டது. அவர் முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குக் கிடைத்த டிப்ளோமா ஒன்றுமில்லை.

அடுத்தது கருவி. அண்ணத்தில் சின்னத் திருகாணிகளால் எலும்போடு பூட்டியிருப்போம். அதன் நடுவே ஒரு திருகு, அதில் சுற்றிவரச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு திறப்பை, அதாவது கம்பிபோன்ற சாவியை, ஓட்டைக்குள் நுழைத்து முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். டொக்டர் அதைத் தள்ளத் தள்ள, முன்பற்கள் இரண்டும் என் கண் முன்னால் விலகின. வளர்ந்த மனிதனின் இறுகிய மேல்தாடை, ஒரு கதவின் இரண்டு சிறகுகள் போல விலகியது. எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ஒருதரமும் எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. விலகுவதை உறுதிசெய்தபின் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து தையல் போட்டுவிடுவோம். சில நாட்கள் ஆறவிட்டு, பிறகு வீட்டிலே தினமும் கொஞ்சங் கொஞ்சமாகத் திருகி விரிக்க வேண்டும். விரிகிற இடைவெளியில் புது எலும்பு வளரும்.

வீட்டிலே திருகுவது யார் என்பதில் டொக்டர் நஸ்ரின் கடும் கண்டிப்பு. நோயாளிக்குத் தன் அண்ணம் தெரியாது, ஆகவே வேறொருவர்தான் செய்ய வேண்டும். அந்த ஒருவருக்கு ஒரு பிளாஸ்ரிக் தாடையில் பழக்கிக் காட்டுவது என் பொறுப்பு. திறப்பை அடுத்த ஓட்டை தெரியும்வரை முழுக்கத் தள்ள வேண்டும். எடுக்கும்போது தொண்டைப் பக்கமாகச் சரித்துக் கழற்ற வேண்டும். முன்னுக்கு இழுத்தால் திருகியதெல்லாம் திரும்பி வந்துவிடும். சொல்ல எளிது, வாய்க்குள் செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

இனிக் குணம் அண்ணையின் கதைக்கு வருகிறேன்.

குணம் அண்ணை யாழ்ப்பாணத்தார். சொந்தமாக ஒரு பெரிய டிரக் வைத்து, ரொறன்ரோவிலிருந்து வடக்கே சாமான் ஏற்றி ஓடியவர். பகலில் சிக்னலில் நின்றபடியே கண்ணயர்ந்து, பின்னால் ஹோர்ன் அடித்துத்தான் எழும்பினேன் என்று குடும்ப வைத்தியரிடம் ஒருநாள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். வைத்தியர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வருத்தம் கடுமை என்று வந்தது. இங்கே அதை வைத்தியர் அரசாங்கத்துக்கு அறிவிக்காமல் இருக்க முடியாது. சிகிச்சை பலித்ததென்று காட்டும்வரை டிரக் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. "உண்மை சொன்னதுக்குக் கிடைச்ச பரிசு, பாத்தியளே" என்று முதல்நாளே என்னிடம் சொன்னார். மாஸ்க் ஏன் சரிவரவில்லை என்று கேட்டேன். "முகத்தை ஏதும் வந்து மூடினா என்னால ஏலாது, தம்பி. ஏனெண்டு மட்டும் கேளாதேங்கோ." நான் கேட்கவில்லை.

என் ஊர் எது என்று விசாரித்தார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவி மலர் அக்காவைப் பார்த்து, "கேட்டியே? நித்திரை வருத்தமெண்டு வந்தா, ஆக்களைப் பாயோட ஒட்ட வைக்கிற ஊராளிட்டக் கொண்டுவந்து விட்டிருக்கிறாங்கள்" என்றார். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் எங்களை அடிக்கும் அந்தப் பழைய பகிடியை நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். ஒட்டுவதல்ல, பிளப்பதுதான் இங்கே என் வேலை என்று சொன்னேன். மலர் அக்கா சிரிக்கவில்லை. அவர் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறவர், கண்ணைச் சுற்றிக் கருமை. இவரோடு ஒரே அறையில் படுத்து முழு நித்திரை கொண்ட நாள் நினைவில்லை என்றார். குறட்டை வந்தால் அது ஒரு தொல்லை, குறட்டை நின்றால் அது ஒரு பயம், அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி கிடக்க வேண்டும் என்றார்.

மலர் அக்காவின் வேலை நேரம் மாறி மாறி வருவது. ஆகவே திருகும் பொறுப்பு மகள் அபிக்கு. இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி, வங்கி ஒன்றில் வேலை. பிளாஸ்ரிக் தாடையில் முதல் தடவையே சரியாகச் செய்தாள். குணம் அண்ணை அப்போது சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

சத்திர சிகிச்சை அருமையாகப் போனது. சத்தம் மாறிய இடத்தில் என் கை நின்றது, அண்ணம் வடிவாக விலகியது. ஆனால் திருகத் தொடங்கியபின் மலர் அக்காவோடும் அபியோடும் முதல் பரிசோதனைக்கு வந்தபோது, குணம் அண்ணை வாயைத் திறந்ததும் நான் லைட்டைக் கிட்ட இழுத்தேன். முன்பற்கள் ஒட்டியபடியே இருந்தன. ஒரு மயிரிழை இடைவெளி கூட இல்லை. தினமும் திருகினீர்களா என்று கேட்டதற்கு அபி தலையாட்டினாள். அப்பாவும் தலையாட்டினார்.

டொக்டர் நஸ்ரின் கருவியைப் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார். திருகு நகரவே இல்லை. கருவி உள்ளுக்குள் வழுகித் திரும்பி வருகிறது என்பது அவருடைய சந்தேகம். அப்படியானால் மறுபடி மயக்க மருந்து, பழைய கருவியைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். அதற்கிடையில் வெட்டிய எலும்பு காத்திருக்காது, அது ஒட்டத் தொடங்கிவிடும். ஒட்டிவிட்டால் உளியும் சுத்தியலும் முதலிலிருந்து. சத்திர சிகிச்சை அறையில் அந்த வாரமே ஒரு நேரம் பிடித்து வைக்கும்படி என்னிடம் சொன்னார். நான் இதைத் தமிழில் விளங்கப்படுத்தினேன். குணம் அண்ணை கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி, "இன்னொருக்கா எண்டால் லைசென்ஸ் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார்டுக்குப் போய், ஓடாமல் நிற்கும் டிரக்கின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு வருகிற மனிதர்.

அறையை விட்டுப் போகத் திரும்பிய டொக்டர் வாசலில் நின்றார். அபியைப் பார்த்து, "காட்டு" என்றார்.

அபி திறப்பை எடுத்தாள். அப்பாவை நோக்கி ஒரு அடி வைத்தாள். குணம் அண்ணை வாயைத் திறந்தார், அவள் விரல் உதட்டுக்குக் கிட்ட வந்ததும் மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். நோவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, நோகாது அண்ணை என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அபியும் குனிந்துகொண்டாள். அந்த இரண்டு தலைகளையும் பார்த்த பிறகுதான் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. ஐந்து நிமிடம் தரும்படி டொக்டரைக் கேட்டேன். அவர் படியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாளும் அபி செய்யவில்லை, இல்லையா அண்ணை என்று மெதுவாகக் கேட்டேன்.

"நானே கண்ணாடியைப் பாத்துச் செய்தனான்" என்றார். "ஒழுங்காத்தான் செய்தனான். ஒருநாளும் விடேல்லை."

திறப்பை அவர் கையில் கொடுத்து, பிளாஸ்ரிக் தாடையில் செய்யச் சொன்னேன். சரியாக நுழைத்தார், சரியாகத் தள்ளினார், பிறகு வந்த வழியே முன்னுக்கு இழுத்து எடுத்தார். திருகு கூடவே திரும்பி வந்தது. அவருக்கே தெரிந்தது. ஒவ்வொரு நாளும் திறந்து, ஒவ்வொரு நாளும் மூடியிருக்கிறார்.

ஏன் பிள்ளையை விடவில்லை என்று கேட்டேன்.

"என்னெண்டு விடுறது?" என்றார். "பொம்பிளைப் பிள்ளை. என்ர எச்சிலுக்குள்ள அவள் கை வைக்கிறதோ? நான் என்ன படுக்கையில கிடக்கிறனே?"

அபி அப்பாவின் கையிலிருந்து திறப்பை வாங்கிக்கொண்டாள். "சின்னனில நான் மிச்சம் விட்ட சோறெல்லாம் ஆர் சாப்பிட்டது?" என்று கேட்டாள்.

"அது வேற."

"எப்பிடி வேற? என்ர வாயில இருந்து விழுந்ததையும் எடுத்துச் சாப்பிட்டனீங்களாம், அம்மா சொன்னவ. அது எச்சில் இல்லையோ?"

"நீ பிள்ளை."

"நான் பிள்ளைதானே. அப்ப வாயைத் திறவுங்கோ."

டொக்டர் நஸ்ரினுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனாலும் அவர் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. மலர் அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். "அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கினது காணும், திறவுங்கோப்பா" என்றார்.

குணம் அண்ணை திறந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரணடைந்தவர் போல, முழுவாயையும் திறந்தார். அபி இடக்கையால் அப்பாவின் கன்னத்தைப் பிடித்தாள். திறப்பை நுழைத்தாள், தள்ளினாள், அடுத்த ஓட்டை தெரியும்வரை தள்ளினாள், தொண்டைப் பக்கமாகச் சரித்துக் கழற்றினாள். நான் லைட்டைத் திருப்பிப் பார்த்தேன். திருகு நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பவில்லை. கருவியில் ஒரு குறையும் இல்லை! நான் டொக்டரைப் பார்த்தேன், அவர் ஏற்கெனவே எழுந்து நின்றார். "இன்னொன்று" என்றார். அபி இன்னொன்று திருகினாள். குணம் அண்ணையின் கண்ணோரத்தால் தண்ணீர் வடிந்தது. எலும்பு விரியும்போது மூக்கின் வேரில் ஒரு அழுத்தம் வரும், கண்ணில் தண்ணீரும் வரும், இந்தச் சிகிச்சையில் அது வழமை. ஆகவே நான் ரிஷ்யூ பேப்பரை மட்டும் நீட்டினேன்.

வெட்டிய எலும்பு ஏற்கெனவே ஒட்டியிருக்குமோ என்ற கேள்வி அந்த நாட்களில் எல்லோருக்கும் இருந்தது. பிடித்து வைத்த நேரத்தை டொக்டர் நஸ்ரின் உடனே விடவில்லை. தினமும் அபி திருகியதும் பல்லைப் படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னார். முதல் படத்தில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பற்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு! நான் கத்திய சத்தத்தில் வரவேற்பு மேசையில் இருந்தவர் எழும்பி வந்துவிட்டார். டொக்டர் நஸ்ரின் கோட்டைப் பார்த்துவிட்டு, பிடித்து வைத்த நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அன்று மதியம் எனக்கும் சேர்த்து அவர் தேநீர் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் நான் அதைக் கண்டதில்லை.

இடைவெளி ஒவ்வொரு நாளும் வளர்ந்தது. "தம்பி, பால்பல்லு விழுந்த பெடியன் மாதிரி இருக்கிறன், பேரப்பிள்ளை வர முந்தி நான் பேரப்பிள்ளை ஆகிட்டன்" என்று குணம் அண்ணை போனில் சொன்னார். சொல்லும்போது 'ச' எல்லாம் விசில் அடித்தது. அந்த இடைவெளியைப் பிறகு கம்பி போட்டு மூடிவிடலாம், உள்ளே விரிந்த இடம் விரிந்தபடி இருக்கும். எலும்பு நிரம்பி இறுக மாதக்கணக்கு ஆனது. கண்ணாடித் துண்டில் இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவு பனி படிந்தது. ஆனால் லைசென்ஸ் தருகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, நித்திரைப் பரிசோதனையைத்தான் பார்ப்பார்கள். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் முழுதாகப் பலிக்கும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். விரித்த பிறகும் மாஸ்க் வேண்டியிருந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆகவே அந்த அறிக்கை வந்துவிட்டதா என்று நானும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். வருத்தம் முற்றாகப் போகவில்லை. ஆனால் 'கடுமை' என்ற இடத்திலிருந்து 'இலேசு' என்ற இடத்துக்கு இறங்கியிருந்தது. ஓட்டலாம் என்று நித்திரை வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் லைசென்ஸ் வந்தது.

முதல் ஓட்டம் வடக்கே சட்பரிக்கு. தனியே விடமாட்டேன் என்று மலர் அக்கா லீவு போட்டுவிட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியில் குணம் அண்ணை கண்ணயராமல் இருக்கக் கதை கொடுத்துக்கொண்டு போவதற்காம். பிளாஸ்கில் கோப்பி, ஒரு பெட்டி வடை, நாலு மணித்தியாலத்துக்குப் போதுமான சொந்தக்காரர் கதைகள் எல்லாம் ஆயத்தம்.

பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது. சட்பரிக்கு வெளியே டிரக்கை நிறுத்திவிட்டுக் கதைக்கிறேன் என்றார் குணம் அண்ணை. குரல் இரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. வழியில் நித்திரை வந்ததோ என்று கேட்டேன்.

"ஓம், வந்தது. அவவுக்கு" என்றார். "பாரி டவுனைத் தாண்ட முந்தியே ஆள் சரிஞ்சிட்டா. என்னை முழிக்க வைக்க வந்த மனுசி, இன்னும் எழும்பேல்லை."

எழுப்பவில்லையா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? வடையையும் நான்தான் சாப்பிட்டனான். றேடியோவையும் நிப்பாட்டிப்போட்டு வந்தனான்." பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, இருபத்தாறு வருசமாக் கலியாணம் கட்டி. இவவும் குறட்டை விடுவா எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."